பதில்: எச்.ஐ.வி. வீடியோ எடுக்கப் பிள்ளைகள் கூச்சப்பட்டால்

வணக்கம் தங்கச்சி. திருகோணமலை உப்புவெளியில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு எச்.ஐ.வி. தடுப்பு வீடியோ எடுக்கப் போக, அவர்கள் சிரித்து நெளிகிறார்கள், அம்மாமாரும் மறிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அம்மாமாரை இருத்திக் கதையுங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. கர்ப்பிணிகளின் இரத்தத்தைக் கிளினிக்கில் சோதிப்பது அதற்கு முக்கிய காரணம். அண்மையில் பிள்ளை பெற்ற ஒருவராவது அங்கே இருப்பார், அந்தச் சோதனை பற்றி அவரையே பேச விடுங்கள்.

கதையை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். மண்டையோடு, பேய் இசை வேண்டவே வேண்டாம். பயந்தவர்கள் சோதனைக்குப் போகமாட்டார்கள். டச்சுக் குடாக் கரையில் இரண்டு பேர் ஒரே ஐஸ் பழத்தை மாறி மாறிச் சாப்பிடட்டும், 'இதால் தொற்றாது' என்று குரல் மட்டும் வரட்டும். அடுத்தது போன் திரை: 'என்னை நம்பவில்லையா?' என்று ஒரு பெடியன் அனுப்பிய செய்தி, பதிலைத் தட்டித் தட்டி அழிக்கும் விரல். அந்தப் பதில் என்னவென்று பிள்ளைகளே வாதாடட்டும். உண்மையான பாடம் அங்கேதான் நடக்கும்.

முகம் காட்ட வேண்டாம், கையும் குரலும் போதும். டிக்டொக்கில் போடவும் வேண்டாம்.

குழுவுக்குத் தலைவியாக, வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையைத் தேடாதீர்கள். மற்றவர்கள் இரகசியம் சொல்லப் போகும் பிள்ளை யார் என்று பாருங்கள். அவளுக்குத் தெரியாத கேள்வி வந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஆணுறை பற்றிய பகுதியையும் அவரே சொல்லட்டும், ஆனால் அதைத் தவிர்த்துவிடாதீர்கள். அரச பாலியல் நோய்க் கிளினிக்கில் சோதனை இலவசம், விபரம் வெளியே போகாது என்பதைக் கடைசிக் காட்சியில் சேருங்கள்.