60 நாள் கெடுவும் 1200 மணி நேரமும்

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கடிதம் எழுதியவர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் எடுத்துவிட்டேன். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியும் இருக்கிறேன்.)

அன்புள்ள அக்கா,

பள்ளி உளவியல் பற்றி நீங்கள் எழுதுவதை நாலைந்து வருடமாகப் படிக்கிறேன். நானும் உங்களைப் போலவே கலிஃபோர்னியாவில், ஒரு பெரிய நகரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் பள்ளி உளவியலாளராக இருக்கிறேன். இது ஐந்தாவது வருடம். இந்த ஆகஸ்டில், பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கூப்பிட்டு, இரண்டு இன்டர்ன்களுக்கு நீங்கள்தான் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டார்கள். என் தலையில் ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாளில் அசெஸ்மென்டை, அதாவது குழந்தையைச் சோதித்துப் பார்ப்பதை, முடித்து மீட்டிங்கும் நடத்தியாக வேண்டும் என்ற கெடு உங்களுக்குத் தெரியாததல்ல. இன்டர்ன் வருகிறார்கள் என்று கேட்டதும் பிரின்சிபல் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா, இனி பெண்டிங் கேஸ் எல்லாம் மளமளவென்று முடியும்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே நினைப்புதான் வந்தது.

இப்போது அக்டோபர். ஒரு இன்டர்ன் படுவேகம், கேட்காமலே ரிப்போர்ட் எழுதி நீட்டுகிறார். இன்னொருவர் பெற்றோருக்குப் போன் செய்யக்கூட என்னிடம் அனுமதி கேட்கிறார். யாருக்கு எவ்வளவு கொடுப்பது? ரிப்போர்ட்டை வரி வரியாகத் திருத்த வேண்டுமா? என் இன்டர்ன்ஷிப்பில் எனக்கு அமைந்த சூப்பர்வைசரை நான் வாரத்தில் பத்து நிமிடம் பார்த்தாலே அதிகம். யாரும் எனக்குச் செய்துகாட்டாத ஒன்றை நான் எப்படிச் செய்வது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பிரின்சிபல் சொன்ன அந்த 'அப்பாடா'தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாஸ்ப் என்று நாம் சுருக்கிச் சொல்லும் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம், 500 மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர் இருக்க வேண்டும் என்கிறது. நாட்டின் சராசரியோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய நகரங்களில் ஓர் ஆள் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஓடுவது சகஜம். இப்படிக் காய்ந்து கிடக்கும் வயலில் ஒரு குடம் தண்ணீர் வந்தால் எல்லோரும் அதையேதான் பார்ப்பார்கள். நீங்களும் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லையா என்ன?

மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பள்ளி உளவியலாளர் ஆக, பட்டப்படிப்புக்கு மேல் பொதுவாக மூன்று வருடம் படிக்க வேண்டும். அதில் கடைசி வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப். குறைந்தது 1200 மணி நேரம், அதில் பாதியாவது பள்ளியில். கற்றலில் பின்தங்கும் குழந்தையைச் சோதித்துப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதிதான். ஆசிரியரோடு உட்கார்ந்து வகுப்பில் என்ன மாற்றலாம் என்று யோசிப்பது, குழந்தைகளுக்கு ஆலோசனை சொல்வது, தற்கொலை எண்ணத்தோடு நிற்கும் ஒரு பதின்வயதுப் பிள்ளையோடு பேசுவது, இதெல்லாமும் இதே வேலைதான்.

நான் முதன்முதலில் இன்டர்ன் வைத்துக்கொண்ட வருடம், நல்ல சூட்டிகையான பெண் ஒருத்தி கிடைத்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் ஒன்பது அசெஸ்மென்ட் அவளிடம் தள்ளிவிட்டேன். ஒரு கெடுவும் தவறவில்லை. மேலிடத்தில் எனக்கு நல்ல பெயர். மார்ச்சில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவர் வந்தார். வகுப்பில் ஒரு பையன் மற்ற குழந்தைகளைக் கடிக்கிறான், நாளைக் காலை நான் என்ன செய்யட்டும் என்று அவளிடம் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி டெஸ்ட் செய்து பார்க்கலாம்" என்றாள். வகுப்பில் போய் உட்கார்ந்து அவன் எப்போது கடிக்கிறான், கடிப்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது, கடித்ததும் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ஏழு மாதமாக நான் அவளுக்கு டெஸ்ட் பெட்டி ஒன்றை மட்டும்தான் திறந்துகாட்டியிருந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு நானே ஒரு வேலையைக் கொடுத்துக்கொண்டேன். இன்டர்னுக்கும் டிஸ்ட்ரிக்டுக்கும் நடுவில் போய் நிற்பது. இன்டர்ன் ஏதோ ஒரு வேலையில் கெட்டிக்காரியாகிவிட்டால் அந்த வேலையையே மறுபடி மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். உங்கள் கையும் தானாக அங்கேதான் போகும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் சூப்பர்வைசரின் பாதி வேலை என்பேன்.

இதற்கு உங்களிடம் ஏற்கெனவே ஓர் ஆயுதம் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் பல்கலைக்கழகமும் டிஸ்ட்ரிக்டும் சேர்ந்து எழுதிக்கொள்ளும் பயிற்சித் திட்டம். யாரும் அதைக் கையெழுத்துப் போட்டபின் திறப்பதில்லை. இந்தப் பெண் இந்த வருடம் என்னென்ன செய்து பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கும். பிரின்சிபல் பத்தாவது கேஸை நீட்டும்போது "எனக்கு இஷ்டமில்லை" என்று சொன்னால் மனஸ்தாபம். "ஆலோசனை மணி நேரம் இன்னும் பாக்கி இருக்கிறது, பல்கலைக்கழகம் கேட்கும்" என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இனி உங்கள் இரண்டு பேர். வேகக்காரரை முதலில் எடுத்துக்கொள்வோம், அவர்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார். அவருடைய ரிப்போர்ட்டைப் படித்து அவர் டெஸ்ட் செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. என்ன நடந்ததாக அவர் நினைக்கிறார் என்பதுதான் ரிப்போர்ட்டில் இருக்கும். குழந்தை கொட்டாவி விட்டதும், அவர் கேள்வியைக் கொஞ்சம் அவசரமாகக் கேட்டதும் அதில் வராது. அதனால் மாதம் ஒரு முறையாவது அறையின் மூலையில் போய் உட்காருங்கள். முதல் சில கேஸ்களில் அவர் பதிந்த விடைத்தாளையும் வாங்கி, கூட்டல் முதற்கொண்டு சரிபாருங்கள். அனுபவசாலிகளே ஐ.க்யூ. டெஸ்டில் மதிப்பெண் போடும்போது தப்பு விடுகிறார்கள் என்பது நம் துறையில் எல்லோரும் அறிந்தது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டாலும் அதற்குள் எண்ணைத் தட்டுவது மனிதக் கைதானே.

திருத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரிப்போர்ட்டில் உங்கள் கையெழுத்தும் விழுகிறது, அதனால் மே மாதம் வரை முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பேனாவைக் கீழே வையுங்கள். நான் ஒரு காலத்தில் சிவப்பு மையில் குளிப்பாட்டி அனுப்புவேன். ஒருமுறை ஓர் இன்டர்ன் தன் ரிப்போர்ட்டைத் திரும்பப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா இது உங்க ரிப்போர்ட்" என்றார். சுருக்கென்றது. இப்போது ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுகிறேன். 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' பெரும்பாலும் இந்த ஒன்றேதான். வேகக்காரர்களை இந்தக் கேள்வி போல வேறெதுவும் நிதானப்படுத்துவதில்லை.

இன்னொரு பயிற்சியும் உண்டு. மீட்டிங்குக்கு முந்தின நாள், ஓர் எண்கூடச் சொல்லாமல் அந்தக் குழந்தையைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள் என்பேன். ஐ.இ.பி. என்னும், குழந்தைக்கான தனிக் கல்வித் திட்டத்தைப் பெற்றோரோடு பேசி முடிவு செய்யும் ஒரு மீட்டிங்கில், நூறு குழந்தைகளில் எத்தனை பேரை முந்துகிறான் என்று சொல்லும் பெர்சன்டைல் எண்களாகவே என் இன்டர்ன் பதினைந்து நிமிடம் படித்தார். மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல, அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் வராந்தாவில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தி அவர் கேட்டாராம், "அப்போ என் பையன் படிச்சிருவானா, மாட்டானா?" நானும் அந்த அறையில்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயப்படுபவருக்கு வருவோம். அவருக்கு தைரியம் சொல்லிப் பயனில்லை, எல்லை சொல்லுங்கள். நான் மூன்றாகப் பிரித்துக் கொடுப்பேன். செய்துவிட்டு என்னிடம் சொன்னால் போதும் என்பவை: பெற்றோருக்குப் போன், வகுப்பில் கவனிப்பது, டீச்சரோடு பேசுவது. செய்யுமுன் கேட்க வேண்டியவை: எந்த டெஸ்ட், ரிப்போர்ட்டின் முடிவு. நான் எந்தப் பள்ளியில், எந்த மீட்டிங்கில் இருந்தாலும் உடனே கூப்பிட வேண்டியவை: குழந்தை சாக வேண்டும் என்று சொல்வது, யாரையாவது கொல்லப்போவதாகச் சொல்வது, வீட்டில் அடி, தகாத தொடுதல். நான் எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று பெயரோடு எழுதி அவர் மேஜையில் ஒட்டச் சொல்லுங்கள். நீங்கள் இன்னொரு பள்ளிக்கு ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் இதெல்லாம் நடக்கும். ஆள் வரும்வரை அந்தக் குழந்தையைத் தனியே விடக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்த மூன்றாவது வகையில் நான் செய்த ஒரு தப்பை நீங்கள் செய்யக்கூடாது. ஒரு சிறுமி தன் முதுகுத் தழும்பை இன்டர்னிடம் காட்டிவிட்டாள். அவர் நடுங்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி நானே போன் செய்து புகார் கொடுத்தேன். அன்பாகத்தான் செய்தேன். ஆனால் கலிஃபோர்னியா சட்டப்படி, சந்தேகம் யாருக்கு வந்ததோ அவருடைய கடமை அது. உடனே போனில் சொல்ல வேண்டும், 36 மணி நேரத்துக்குள் எழுத்திலும் அனுப்ப வேண்டும். சூப்பர்வைசரிடம் சொல்லியாயிற்று என்பது புகார் கொடுத்ததாக ஆகாது. இருவரும் கலந்து பேசி ஒரே புகாராகக் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பேச்சில் அவரும் இருக்க வேண்டும். நானோ அவரை அறைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டேன். அடுத்த வருடம் தனியாக ஒரு பள்ளியில் அவர் முதல் தடவையாக அந்தப் போனை எடுத்திருப்பார், பக்கத்தில் யாரும் இல்லாமல். இப்போதெல்லாம் போனை இன்டர்ன் கையில்தான் கொடுக்கிறேன். நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். முடிந்ததும் இருவரும் எதையாவது சாப்பிடுவோம். அன்று வேறு கேஸ் கிடையாது.

நம் மாநிலத்தில் வேலை செய்பவர்களுக்கு முதல் மாதத்திலேயே இரண்டு வழக்குகளின் கதையைச் சொல்லிவிடுவேன். மான்டரே கவுண்டியில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். அவர்கள் மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள். அது 1970இல் சமரசமாக முடிந்த டயானா வழக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவின் கறுப்பினக் குழந்தைகளுக்காகப் போட்ட லாரி பி. வழக்கில் 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்புச் சொன்னார். அவர்களை அப்படிப்பட்ட வகுப்புகளில் சேர்க்க ஐ.க்யூ. டெஸ்டைப் பயன்படுத்தக்கூடாது என்று. இரண்டிலும் டெஸ்ட் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, கையேட்டில் சொன்னபடிதான் செய்திருப்பார்கள். இதைச் சொல்லும்போது வேகக்காரர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

சில வருடம் முன்பு பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு தமிழ்ப் பையனைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஊரில் பாட்டியிடம் வளர்ந்து, அப்போதுதான் இங்கே வந்தவன். வகுப்பில் வாயே திறப்பதில்லை. என் இன்டர்னும் கூட வந்தார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது அவருக்கு. "பாட்டி வீட்டுல மாடு இருக்கா?" என்று கேட்டதுதான் தாமதம், கன்று போட்ட கதையை அரை மணி நேரம் நிறுத்தாமல் சொன்னான். ஆனால் என் பையில் இருந்த டெஸ்டை அப்படியே வாய்க்கு வந்தபடி தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டு மதிப்பெண் போட முடியாது. அந்த எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. ரிப்போர்ட்டில் அந்த இடத்தில் எண் தரவில்லை, ஏன் தரவில்லை என்று எழுதினேன். அவன் பேசிய விதம், சொன்ன கதை, பாட்டியிடம் போனில் கேட்டது எல்லாம் எழுதினேன். காரில் திரும்பும்போது இன்டர்ன் கேட்டார், "அந்தக் கட்டத்தைக் காலியா விடலாமா?" படிப்பில் யாரும் அவரிடம் விடலாம் என்று சொன்னதில்லை போல.

காரில் என்றதும் ஞாபகம் வருகிறது. வாராந்திரப் பேச்சைப் பார்க்கிங் லாட்டில் ஓட்டாதீர்கள். நேரமும் அறையும் குறித்து, வாசலில் ஒரு தாளும் ஒட்டிவிடுங்கள். யார் கதவைத் தட்டினாலும், தீப்பிடித்தால் தவிர, எழுந்திருக்க வேண்டாம். நீங்கள் பட்ட குறை அதுதானே, வாரத்துக்குப் பத்து நிமிடம்.

செய்துகாட்ட யாரும் இல்லை என்கிறீர்கள். எனக்கும் இருந்ததில்லை. என் படிப்பில் சூப்பர்விஷன் என்று ஒரு பாடம்கூடக் கிடையாது. டெஸ்ட் செய்யத் தெரிந்தவருக்கு டெஸ்ட் செய்யக் கற்றுக்கொடுக்கவும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நீச்சல் தெரிந்தவர் எல்லாம் பிள்ளைகளைக் கிணற்றில் இறக்கிவிடலாம் என்பது போல. உங்கள் டிஸ்ட்ரிக்டில் இன்டர்ன் வைத்திருக்கும் நாலைந்து பேரைத் தேடிப் பிடித்து மாதம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்காருங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் ஆரம்பித்தோம். முதல் மூன்று மாதம் புலம்பலிலேயே போயிற்று, அதிலும் தப்பில்லை.

டிசம்பரில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எத்தனை கேஸ் முடிந்தது என்று வேண்டாம், அதைப் பிரின்சிபல் கேட்டுக்கொள்வார். டெஸ்ட் பெட்டியைத் திறக்காமல் உங்கள் இன்டர்ன்கள் எத்தனை குழந்தைகளோடு உட்கார்ந்தார்கள் என்று மட்டும்.

அன்புடன்,
அக்கா