நாக் சென்சார் மாற்றிய பின்னும் தட்டும் ஓசை

வணக்கம். கடலூரில் மேம்பாலம் ஏறும்போது எஞ்சினில் தட்டும் ஓசை எழுவதாகவும், அந்த ஓசையின் அதிர்வை உணரும் நாக் சென்சாரைப் புதிதாக மாற்றியும் அது நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் சென்சார் இறுக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள். தீச்சுடர் வந்தடையுமுன் பெட்ரோல் கலவையின் எஞ்சிய பகுதி தானே பற்றிக்கொள்வதால் எழும் அதிர்வை, பெரும்பாலும் 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் அளவிலானதை, சென்சாருக்குள் இருக்கும் பீசோ பீங்கான் மின்னழுத்தமாக மாற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கு அனுப்ப, அது தீப்பொறியை எஞ்சின் தண்டின் சுழற்சியில் சில பாகை தாமதப்படுத்தி, ஓசை அடங்கியபின் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவரும். போல்ட் தளர்ந்திருந்தாலோ, அடியில் துருவோ தேவையற்ற வாஷரோ இருந்தாலோ அதிர்வு சரியாகச் சென்று சேராது; நம் கடற்கரைக் காற்றில் துருவுக்குப் பஞ்சமில்லை. பல வண்டிகளில் இறுக்கம் சுமார் 20 நியூட்டன் மீட்டர். உங்கள் மாடலுக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். அதுவரை மேம்பாலத்தில் நான்காம் கியரிலேயே இழுக்காமல் மூன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.