சவுதி இனி சீனாவுக்கு அதன் நாணயமான யுவானில்தான் எண்ணெய் விற்குமா? எண்ணெய் வியாபாரத்தில் டாலரின் கதை முடிந்ததா?

முடியவில்லை. 2022 டிசம்பரில் ரியாத்துக்கு வந்த சீன அதிபர் ஷி ஜின்பிங், எண்ணெய், எரிவாயு கணக்கை ஷாங்காய் சந்தை வழியாக யுவானில் முடித்துக்கொள்ளலாமே என்று வளைகுடா நாடுகளைக் கேட்டார். அடுத்த நவம்பரில் சவுதி, சீன மத்திய வங்கிகள் 5,000 கோடி யுவானுக்கு நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் (தேவைப்பட்டால் ஒருவர் நாணயத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) போட்டன. இந்த இரண்டையும் ஒட்டவைத்துத்தான் 'டாலர் காலி' என்று வாட்ஸப்பில் சுற்ற விடுகிறார்கள்.

சவுதி ரியால் 1986இலிருந்து ஒரு டாலருக்கு 3.75 என்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது, அதைக் காப்பாற்றவே கையில் டாலர் வேண்டும். யுவானாக வாங்கினால் சீனச் சாமான் வாங்கலாம், சரி, மிச்சத்தை என்ன செய்வது? பெரிய தொகையை நினைத்த நேரத்தில் வெளியே எடுக்க பெய்ஜிங் விடாது.

நாணயத்தை விட, பார்க்க வேண்டியது ரிஃபைனரிகளை. நான் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பராமரிக்கும்) வேலைக்குப் போன, சவுதியின் யான்பூவில் இருக்கும் யாஸ்ரெஃப் ஆலையில் சீனாவின் சினோபெக்குக்கு 37.5 சதவீதப் பங்கு, மீதி சவுதி அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோவுக்கு. இப்போது பணம் எதிர்ப்பக்கமாகவும் ஓடுகிறது: 2023இல் அராம்கோ சுமார் 340 கோடி டாலர் கொடுத்து சீனாவின் ரோங்ஷெங் நிறுவனத்தில் 10 சதவீதம் வாங்கியது, கூடவே அதன் ஆலைக்குத் தினமும் 4,80,000 பீப்பாய் தரும் நீண்டகால ஒப்பந்தமும் போட்டுக்கொண்டது. சீனாவின் லியாவோனிங் மாகாணத்துப் பான்ஜினில் கட்டத் தொடங்கிய ஆலையிலும் அராம்கோவுக்கு 30 சதவீதம் உண்டு, அங்கே தினம் 2,10,000 பீப்பாய் வரை அனுப்புவதாகப் பேச்சு. லாபத்துக்காக மட்டும் இதைச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யா தள்ளுபடி விலையில் கொட்ட ஆரம்பித்து, 2023இல் சீனாவுக்கு அதிக எண்ணெய் விற்ற நாடாகவும் ஆகிவிட்டது. ஆலையிலேயே பங்காளி ஆகிவிட்டால் வாடிக்கையாளர் அவ்வளவு சுலபத்தில் கை மாற மாட்டார்.

கத்தாரில் இது தலைகீழ். சினோபெக் 2022இல் வருடம் 40 லட்சம் டன் எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) என்று 27 வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டு, மறு வருடமே அந்த எரிவாயு வயல் திட்டத்தில் சிறு பங்கும் எடுத்தது.

அப்புறம், இத்தனை நெருக்கம் இருந்தும் வளைகுடா கூட்டமைப்புக்கும் சீனாவுக்கும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்று 2004இல் ஆரம்பித்த பேச்சு இருபது வருடம் தாண்டியும் இழுத்துக்கொண்டே போனது. மலிவான சீனச் சரக்கு வந்து இறங்கினால் தான் புதிதாக வளர்க்கும் தொழிற்சாலைகள் தாங்காது என்ற பயம் சவுதிக்கு, அதில் தப்பும் சொல்ல முடியாது.