வீட்டில் மாடல் ரயில்: முதலில் ரயிலா, லேஅவுட்டா?

"சின்ன அறைதான் இருக்கிறது. மாடல் ரயில்களை முதலில் வாங்கிச் சேர்க்கலாமா, லேஅவுட்டை (பலகைமேல் தண்டவாளம், மலை எல்லாம் போட்டு ரயில் ஓட்டும் அமைப்பை) முதலில் அமைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே ஓர் எஞ்சின் ஒளிந்திருக்கும் என்பது என் ஊகம். அது அங்கேயே இருக்கட்டும். முதலில் டேப்பை எடுத்து, அறையில் எவ்வளவு பெரிய வளைவு போட முடியும் என்று அளந்து பாருங்கள். என்ன ரயில் வாங்குவது என்பதை அந்த வளைவுதான் சொல்லும்.

எச்ஓ ஸ்கேல் என்றால் அசலில் 87-ல் ஒரு பங்கு. 45 செ.மீ. ஆரத்தில் வளைத்தாலே பலகை ஒரு மீட்டருக்கு மேல் அகலம் கேட்கும். அதிலும் நீளமான பயணிகள் பெட்டி போனால் நடுப்பகுதி உள்ளே ஒதுங்கி, முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்காது. அதனால்தான் நான் 'N' ஸ்கேலுக்குப் போனேன்: 160-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 9 மி.மீ. 28 செ.மீ. ஆர வளைவு ஒரு கதவின் அகலத்துக்குள் அடங்கிவிடும். என் லேஅவுட் நிற்பதே ஒரு பழைய கதவின் மேல்தான். "எறும்பு சைஸ் ரயில்" என்று கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும், அவர்களிடம் பெரிய அறை இருக்கிறது.

என் மகளுக்கு ரயில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருவதில் திருப்தி இல்லை. போன பாதையிலேயே திரும்பி வரணுமாம். சரி, கடைசியில் ஒரு லூப் (சுற்றி வந்து அதே பாதையில் சேரும் வளையம்) போட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் எஞ்சினுக்கு மின்சாரம் வருவது தண்டவாளம் வழியாகத்தான்: ஒரு தண்டவாளம் ப்ளஸ், மற்றது மைனஸ். சுற்றி வந்து அதே பாதையில் சேரும் இடத்தில் இடது தண்டவாளம் வலதோடு போய் முட்டும், உடனே ஷார்ட் சர்க்யூட். அதனால் லூப்பின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, இடையில் பிளாஸ்டிக் இணைப்பு போட்டு, லூப்புக்குத் தனியாக ஒயர் இழுத்தேன். ரயில் லூப்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சுவிட்சைத் தட்டி வெளிப்பாதையின் ப்ளஸ் மைனஸை மாற்ற வேண்டும், ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்டையும் திருப்ப வேண்டும். அது நிற்காமல் வெளியே வந்ததைப் பார்த்து அவள் கைதட்டியதைவிட நான் தட்டியதுதான் அதிகம். (டிஜிட்டல் கன்ட்ரோல்காரர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அந்த டிஜிட்டல் முறையில் (டிசிசி) இதைத் தானாகச் செய்யும் கருவி இருக்கிறது, தெரியும். எனக்குச் சுவிட்ச் தட்டப் பிடிக்கிறது.)

இதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. உலோகச் சக்கரம் வெட்டின் மேல் ஏறும்போது இரு பக்கத்தையும் இணைத்துவிடும். எஞ்சின் வெளியேறும் வெட்டிலும் கடைசிப் பெட்டி நுழையும் வெட்டிலும் ஒரே நேரத்தில் நின்றால் மறுபடி ஷார்ட். ஆக, ரயிலைவிட லூப் நீளமாக இருக்க வேண்டும். 26.4 மீட்டர் ஐரோப்பியப் பெட்டி 'N' ஸ்கேலில் 16.5 செ.மீ. ஆறு பெட்டியும் ஓர் எஞ்சினும் சேர்ந்தால் சுமார் 1.1 மீட்டர். என் லூப்புக்கு அவ்வளவுதான் கொள்ளும், அதனால் ஒரு ரயிலுக்கு ஆறு பெட்டிக்கு மேல் நான் வாங்குவதில்லை. சும்மா அலமாரியில் அடுக்கி அழகு பார்ப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அது வேறு ருசி.

இன்னொன்று, கேட்காததுதான் என்றாலும் சொல்கிறேன். லேஅவுட் வைத்த அறையைச் சொந்தபந்தங்கள் யாரும் அறையாகவே மதிக்க மாட்டார்கள். "இங்கே சும்மாதானே இருக்கு" என்று மலைமேல் சூட்கேஸை வைப்பார்கள். அந்த மலையைப் பிளாஸ்டரில் செய்ய எவ்வளவு பாடு என்று ஒருவருக்கும் தெரியாது. கதவுக்குப் பூட்டுப் போட்டால் "பொம்மைக்குப் போய் பூட்டா" என்று பேச்சு. பேசட்டும். நான் போட்டுவிட்டேன்.

அளந்தாயிற்றா? அப்புறம் அலமாரியில் இருக்கும் அந்த எஞ்சினின் அட்டைப்பெட்டியில் குறைந்தபட்ச வளைவு ஆரம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விற்றவரிடம் கேளுங்கள். "எல்லா வளைவிலும் ஓடும்" என்று பதில் வந்தால், அவரிடம் அடுத்தது வாங்காதீர்கள்.