ஆன்லைன் கேம் உருவாக்கும் பிளஸ் டூ பையன்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் பிளஸ் டூ, கணிதத்தோடு கணினி அறிவியல் படிக்கிறான். அப்பா வளைகுடாவில். ராத்திரி பதினொரு மணிக்கு மேலும் பையன் லேப்டாப்பும் கையுமாக இருக்கிறான். கேட்டால், "நாங்க நாலு பேரு சேர்ந்து ஆன்லைன் கேம் உண்டாக்குறோம்மா" என்கிறானாம். தக்கலையில் ஒரு கூட்டாளி, சவுதியில் இருக்கும் அவனுடைய அண்ணன், படம் வரைந்து கொடுக்கக் குளச்சலில் ஒரு மாணவி. இதற்கு நடுவில் ஒரு தனியார் பயிற்சி நிலையம், "இவனுக்குத் திறமை இருக்கு, கேம் டிசைன் டிப்ளமோவில் சேருங்கள்" என்று லட்சக்கணக்கில் கட்டணம் சொல்லி முன்பணம் கேட்கிறது. விடவா, தடுக்கவா என்பது தாயின் கேள்வி. மகனும் தன் கேமைப் பற்றி எழுதி அனுப்பியிருக்கிறான்.

அம்மா, முதலில் உங்களுக்குள் இருக்கும் பயத்தைப் பேசிவிடலாம். ஆன்லைன் கேம் என்றதும் நம் ஊரில் ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025இல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. உங்கள் மகன் செய்வது ரோல் பிளேயிங் கேம். ஆடுகிறவர் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதை வளர்த்து, மற்ற ஆட்களோடு ஒரே உலகத்தில் சண்டை போட்டு, பண்டம் மாற்றி ஆடுவது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் நேரடியாகக் கேளுங்கள்: பணம் கட்டி ஆடி, ஜெயித்தால் அதைப் பணமாகத் திரும்ப எடுக்கும் ஏற்பாடு ஏதாவது அதில் இருக்கிறதா? இல்லை என்றால் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

அடுத்து மகனுக்கு. தம்பி, பொழுதுபோக்காகக் கேம் செய்கிறவர்கள் எடுக்கக்கூடிய வேலைகளிலேயே கடினமானதை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். ஸ்டார்டியூ வேலி என்ற கேமை ஒரே ஆள் நான்கு வருஷத்துக்கும் மேல் உட்கார்ந்து செய்து 2016இல் வெளியிட்டார். அதுவும் முதலில் ஒருவர் மட்டும் ஆடும் கேமாகத்தான் வந்தது. உங்களுடையதில் நூறு பேர் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டுப் பேரோடு ஆரம்பியுங்கள். ஒரு கிராமம், ஒரு காடு, மூன்று வகை எதிரி போதும். பெரிய உலகத்தின் வரைபடம் நோட்டில் இருக்கட்டும்.

இப்போது நான் நிஜமாகவே பேச விரும்பும் விஷயம். குரூப்பில் உன் பங்கு என்ன என்று கேட்டதற்கு, "கதை யோசிக்கிறது அவன், படம் அவ, அண்ணன் சர்வர். நான் எல்லா மெஷின்லயும் ஓட வைக்கணும், யாருக்காவது ஓடலைன்னா பார்க்கணும், அவ்வளவுதான்" என்று கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறாய். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பிடிக்கவில்லை. நாலு பேரில் சம்பளத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறவன் நீதான்.

கோடோ என்ற இலவச எஞ்சினில், அதாவது கேம் செய்வதற்கான மென்பொருளில், செய்கிறீர்கள். நல்ல தேர்வு. உன் பாடப்புத்தகத்தில் இருக்கும் பைத்தானுக்கு நெருக்கமானது அதன் மொழி. ஆனால் அதில் ஒரு பட்டனை அழுத்தினால் விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, பிரவுசர் எல்லாவற்றுக்கும் கேம் வந்துவிடும் என்பது பாதி உண்மை. கோப்பு வரும், ஓடுவது வேறு கதை. பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் உன் அக்காவிடம் இருக்கிறது என்றாயே, பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தோடு வந்தது. அதை எடு. லினக்ஸில் எஞ்சினின் உயர்தரப் படக்காட்சி முறைக்கு வல்கன் என்ற கிராபிக்ஸ் தொழில்நுட்பம் வேண்டும். பழைய கிராபிக்ஸ் சிப்களில் பலவற்றில் அது கிடையாது. 'கம்பாட்டிபிலிட்டி' முறைக்கு மாற்றினால் ஓப்பன்ஜிஎல் என்ற பழைய தொழில்நுட்பத்தில் ஓட வாய்ப்பு உண்டு. அந்த லேப்டாப்பில் கேம் ஓடிவிட்டால் நம் மாவட்டத்தில் பெரும்பாலான வீட்டு கம்ப்யூட்டரில் ஓடும்.

பிரவுசர் பதிப்பில் இன்னொரு சிக்கல். கம்ப்யூட்டரில் வேகத்துக்காக யூடிபி வழியாக, அதாவது போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்காத முறையில், தகவல் அனுப்பலாம். பிரவுசரில் ஓடும் கேம் அப்படி நேரடியாக யூடிபி திறக்க முடியாது, பெரும்பாலும் வெப்சாக்கெட் என்ற வேறு வழிதான். அதனால் பிரவுசர் வேண்டுமா வேண்டாமா என்பதைச் சர்வர் எழுதும் அண்ணனோடு இப்போதே பேசி முடிவு செய். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பாதி சர்வரைத் திரும்ப எழுத வேண்டி வரும்.

போனில் ஆடுகிறவர் வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அவருடைய இணைய முகவரியே (ஐபி) மாறிவிடுகிறது, இணைப்பு அறுந்துபோகும். அவர் திரும்ப வரும்போது பாத்திரம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், கையில் இருந்த வாள் இரண்டாகிவிடக் கூடாது. எந்தக் கணக்கையும் ஆடுகிறவரின் போன் முடிவு செய்யக் கூடாது, சர்வர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது இதற்காகவும்தான், ஏமாற்றுகிறவர்களுக்காகவும்தான். அப்புறம் பதிப்புச் சிக்கல். விண்டோஸ்காரருக்கு இன்றைக்கே அப்டேட் கொடுத்துவிடுவாய், ஆண்ட்ராய்டு பதிப்பு கூகுளின் பரிசீலனையில் நிற்கும். அதுவரை பழையதும் புதியதும் ஒரே சர்வரில் பேச வேண்டும். தமிழ் எழுத்தையும் சோதித்துப் பார். கோடோ 4க்கு முந்தைய பதிப்புகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். 2023இல் வந்த 4இல் அது சரியாகிவிட்டது.

ஆப்பிளை இப்போதைக்கு விடு. மேக் வேண்டும், வருஷத்துக்கு 99 டாலர் கட்ட வேண்டும். கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டாலர். ஆனால் புதிதாகத் தனிநபர் கணக்கு திறந்தால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் எல்லோருக்கும் வெளியிட அனுமதி கேட்கலாம். ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் கடையில் கேம் ஒன்றுக்கு 100 டாலர். இட்ச் என்ற கேம் தளத்தில் காசில்லாமல் ஏற்றலாம், அங்கிருந்து தொடங்கு. இன்னும் 18 ஆகவில்லை, கூகுள் கணக்கை உன் பெயரில் திறக்க முடியாது. அம்மா பெயரில் திறக்கிற யோசனை வேண்டாம். வருமானம், பான், வரி எல்லாம் அவர் தலையில் விழும். பிறந்தநாள் வரை பொறு.

இந்த வேலைகளுக்குக் கம்பெனிகளில் டெஸ்டிங், பேக்கெண்ட் (சர்வர் பக்க வேலை), டெவ்ஆப்ஸ் (பதிப்புகளை வெளியிட்டு ஓட வைப்பது), சப்போர்ட் என்று பல பெயர் உண்டு. குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம், அங்கே 1990இலிருந்து டெக்னோபார்க் என்ற ஐ.டி. பூங்கா இருக்கிறது. கேம் கம்பெனி என்று தேடாதே, மென்பொருள் கம்பெனி என்று தேடு. ஒன்று மட்டும் செய்: வரும் ஒவ்வொரு புகாரையும் எழுதி வை. என்ன போன், எந்தப் பதிப்பு, அதே கோளாறை எப்படித் திரும்ப வரவைத்தாய், காரணம் என்ன, எப்படிச் சரி செய்தாய். "நான் ஒரு கேம் செய்தேன்" என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். இந்த நோட்டோடு வருகிறவன் குறைவு.

இனி படிப்பு. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200க்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. கேமுக்கு அதில் ஒரு மார்க் கூடக் கிடையாது. டிசம்பர் கடைசியில் ஒரு பதிப்பை வெளியிட்டுவிட்டு, பொதுத்தேர்வு முடியும்வரை சர்வரை அண்ணன் கையில் விட்டுவிடு. ஆடுகிறவர்களிடம் சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாகர்கோவில் கோணம் பகுதியில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இருக்கிறது, கட்-ஆஃப் வந்தால் முதலில் அதைப் பார். வராவிட்டால் நாகர்கோவில், மார்த்தாண்டம் கலைக்கல்லூரிகளில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ படித்தாலும் இந்த வேலைக்கு எந்தக் குறையும் இல்லை.

குளச்சல் மாணவியிடம் யூசீட் பற்றிச் சொல்லுங்கள். ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். (வடிவமைப்புப் பட்டப்படிப்பு) படிக்க மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் நுழைவுத்தேர்வு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தாலும் எழுதலாம். தேர்வு ஜனவரியில் வரும், அதனால் விண்ணப்பத்தை முந்தின அக்டோபரிலேயே கவனிக்க வேண்டும்.

அம்மா, அந்த டிப்ளமோவுக்கு முன்பணம் கட்ட வேண்டாம். பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது, சென்ற வருஷம் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். அந்தக் காசில் ஒரு பகுதிக்கு, ராம் கூடுதலாக உள்ள ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுக்கலாம், தேர்வு முடிந்த பிறகு.