அடையாற்றில் துடுப்புப் படகு ஓட்டும் மகனுக்கு அந்தத் தண்ணீரால் நோய் வருமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் அடையாற்றில் துடுப்புப் படகுப் பயிற்சிக்குப் போகிறான். தண்ணீர் கறுப்பாக, நாற்றமாக இருக்கிறது. முகத்தில் தெறிக்கிறது என்கிறான், ஒருமுறை கவிழ்ந்தும் விட்டான். இதனால் நோய் வருமா? நிறுத்திவிடலாமா? காதில் தண்ணீர் போனால் எண்ணெய் விடலாமா?

பதில்:

வரலாம். எனக்கு வந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்ல மாட்டேன், நானே இன்னும் நிறுத்தவில்லை.

கேள்வி எழுதிய விதத்தைப் பார்த்தால் நீங்கள் அம்மா என்று தோன்றுகிறது. வீட்டில் ஒருவர் "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று ஆரம்பித்திருப்பார். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். நடுவில் மாட்டிக்கொண்டு இங்கே வந்து கேட்கிறீர்கள். தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கணக்கு எழுதுகிற வேலை. பிறந்து வளர்ந்தது சைதாப்பேட்டை. கல்லூரியில் பெண்கள் அணிக்கு ஆள் போதவில்லை என்று, உயரமாக இருந்த ஒரே காரணத்துக்காக என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு கல்யாணம், குழந்தைகள். நாற்பதை நெருங்கும்போது மறுபடி துடுப்பைப் பிடித்தேன். "பணக்காரங்க விளையாட்டு" என்று எழுத யாராவது இப்போதே தயாராகிக்கொண்டிருப்பார்கள். நான் விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய்த்தான் படகு ஓட்டினேன், இப்போதும் அப்படித்தான்.

"கூவத்துல படகு விடுறியாமே?" என்று கேட்டுச் சிரிக்காத உறவினர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கூவம் வேறு, அடையாறு வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கையில் ஆவடிக்குக் கீழே கூவத்தின் பி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள கழிவை மட்கவைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், இது கூடக் கூட அழுக்கு அதிகம் என்று அர்த்தம்) லிட்டருக்கு 345 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த தண்ணீரில் அது 3-ஐத் தாண்டக் கூடாது. அந்த ஆற்றில் யாரும் துடுப்புப் போடுவதில்லை. அடையாற்றில் நூறு வருடத்துக்கு மேலாகப் போடுகிறார்கள். அதற்காக அடையாறு சுத்தம் என்று சொல்ல வரவில்லை. குளிக்கத் தகுந்த தண்ணீரில் 100 மில்லிக்கு மலக் கோலிஃபார்ம் கிருமிகள் (மலம் கலந்திருப்பதைக் காட்டுகிறவை) 500-க்குள் இருப்பது நல்லது, எப்படிப் போனாலும் 2500-ஐத் தாண்டக் கூடாது என்பது வாரியத்தின் அளவுகோல். அனகாபுத்தூர், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை என்று வழியெல்லாம் சாக்கடையை வாங்கிக்கொண்டு கோட்டூர்புரம் வந்து சேரும் தண்ணீர் அந்த அளவுக்குள் வராது. அதை உங்கள் மூக்கே சொல்லும்.

ஆனால் மூக்கை முழுதாக நம்பாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து ஓய்ந்திருந்தது. வெள்ளம் வடியும் வரை பயிற்சி இல்லை. மறுபடி ஆரம்பித்தபோது ஆறு பார்க்கவே நன்றாக இருந்தது. கறுப்பு போய் செம்மண் நிறம், ஓட்டம், நாற்றமே இல்லை. "இப்பதான் ஆறு மாதிரி இருக்கு" என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து வந்தது. அதற்குள் ஏதோ கோணிச் சாக்கு இருந்திருக்கிறது. துடுப்பு அதில் சிக்கி, ஒற்றை ஆள் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நான் தண்ணீருக்குள். பாதுகாப்புப் படகு பக்கத்திலேயே இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பேன். உள்ளங்கை முழுக்க உடைந்த கொப்புளம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு துடுப்புப் பிடித்த யாருக்கும் அது இருக்கும், உங்கள் மகன் கையை விரித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன், வேலைக்குப் போனேன், மறந்தும் போனேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மதியம் திடீரென்று குளிர் எடுத்தது. தலைவலி, காய்ச்சல், கெண்டைக்காலில் கை வைக்க முடியாத வலி. தெருமுனை டாக்டர் வைரல் என்றார். காய்ச்சல் விடவில்லை என்றதும் வைடால் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டு டைஃபாய்டு என்றார். கண் இரண்டும் சிவந்துவிட்டன. ஆபீஸில் மெட்ராஸ் ஐ என்று என் மேசைப் பக்கமே யாரும் வரவில்லை. பீளையும் இல்லை, உறுத்தலும் இல்லை, வெறும் சிவப்பு. அது மெட்ராஸ் ஐ இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் சிறுநீர் மஞ்சளானது. அண்ணி கீழாநெல்லியை அரைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனசு, குறை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவு, ட்யூட்டியில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, டாக்டர்தான், என் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, சமீபத்துல தேங்கின தண்ணியில, ஆத்துல எங்கயாவது இறங்குனீங்களா?" என்று கேட்டாள். அதுவரை பார்த்த ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. படகு கதையைச் சொன்னேன். உடனே கிரியேட்டினின், பிளேட்லெட், பிலிருபின், லெப்டோ பரிசோதனை எல்லாவற்றுக்கும் எழுதினாள். எலிக் காய்ச்சல். சிறுநீரகம் அடி வாங்க ஆரம்பித்திருந்தது. முடிவு வரும் வரை காத்திருக்காமல் ஊசி போட ஆரம்பித்தார்கள், அதனால் டயாலிசிஸ் வரை போகவில்லை.

இனி நான் படித்தும் டாக்டர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டது. இந்தக் கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா. எலி, நாய், மாடு, பன்றி இவற்றின் சிறுநீர் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. தோலில் வெட்டு, சிராய்ப்பு, உடைந்த கொப்புளம், இல்லாவிட்டால் கண், மூக்கு, வாய் வழியாக உள்ளே போகிறது. இரண்டு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் ஆரம்பிக்கலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாள். நன்னீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், உப்புத் தண்ணீரில் அவ்வளவு தாங்காது.

இதை அடையாற்றுக்குப் பொருத்திப் பாருங்கள். கோடையில் கோட்டூர்புரத்துக்குக் கீழே கடல் தண்ணீர் ஏறி இறங்கும், உப்பு கலந்திருக்கும். கறுப்பும் நாற்றமும் அப்போதுதான் அதிகம். ஆக்சிஜன் இல்லாத சேற்றிலிருந்து கிளம்பும் வாயுதான் அந்த நாற்றம். அப்போது பயப்பட வேண்டியது வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ மாதிரி வாய் வழியாக வருகிறவை. மழை முடிந்ததும் ஊரிலுள்ள எலி வளையெல்லாம் கழுவிக்கொண்டு வரும் நன்னீர் ஆறு முழுக்க ஓடுகிறது. அந்த அழகான செம்மண் தண்ணீரில்தான் எலிக் காய்ச்சலுக்கு வாய்ப்பு அதிகம். சாக்கடையும் அதில் இல்லாமல் போகவில்லை, நீர்த்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1984, 1988 ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் தங்கம் வாங்கிய இங்கிலாந்து வீரர் ஆண்டி ஹோம்ஸ் 2010-இல் இறந்தது இதே எலிக் காய்ச்சலில்தான். 51 வயது. அமெரிக்காவில் 1998-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஏரியில் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) நீந்தியவர்கள் பலருக்கு வந்தது, அதற்கு முன்னால் அங்கும் பலத்த மழை. பாரிஸில் 1923-இல் குளிக்கத் தடை போட்ட சேன் நதியை நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவழித்துச் சுத்தம் செய்தார்கள். 2024 ஒலிம்பிக்கில் மழை பெய்ததும் ஆண்கள் டிரையத்லானை ஒரு நாள் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று.

"அந்த ஆற்றிலேயே வலை வீசிப் பிழைக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் கேட்பார்கள். ஆகவில்லை என்று யார் சொன்னது? அவர்களுக்கு வரும் காய்ச்சலும் வைரல் என்ற பெயரில்தான் போய்க்கொண்டிருக்கும். 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் கலந்தபோது மீனவர்கள் வெறும் கையால் அள்ளியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

சரி, உங்கள் மகன் என்ன செய்ய வேண்டும்? கையில் கொப்புளம் உடைந்திருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டச் சொல்லுங்கள், பெரிய காயமென்றால் ஆறும் வரை கரையில் எர்கோ மெஷினில் (துடுப்புப் போடுவது போலவே இழுத்துப் பழகும் இயந்திரம்) பயிற்சி எடுக்கட்டும். குடிதண்ணீர் பாட்டிலைப் படகின் அடியில் உருள விடக் கூடாது. ஆற்றுத் தண்ணீர் பட்ட அதே வாய்ப்பகுதியில்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள், மூடி போட்ட பாட்டிலைப் பைக்குள் வைக்க வேண்டும். கரை ஏறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக் கூடாது. (படகுத்துறைக்கு வெளியே வடை நன்றாக இருக்கும், அதுதான் பிரச்சினை.) பெருமழைக்குப் பிறகு சில நாள் இறங்காமல் இருப்பது நல்லது. ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எலிக் காய்ச்சலுக்கு இங்கே அப்படிப் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை. கேரளாவில் வெள்ளத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள். அதை நீங்களாக மெடிக்கலில் வாங்கிக் கொடுக்க வேண்டாம், டாக்டர் சொன்னால் மட்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. ஆற்றில் இறங்கி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் "பையன் அடையாற்றில் படகு ஓட்டுகிறான், தண்ணீரில் விழுந்தான்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். முதல் சில நாளில் ரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், அதனால் ஒருமுறை நெகட்டிவ் வந்ததும் விட்டுவிடாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் ஒழுங்காகப் பிரீமியம் கட்டி வந்த காப்பீட்டு நிறுவனம் என் ஆஸ்பத்திரி பில்லைத் தள்ளுபடி செய்தது. காரணம், "சாகச விளையாட்டு". ஆஸ்பத்திரிச் சீட்டில் படகு என்று எழுதியிருந்ததாம். காய்ச்சல் வந்தது எலியால், படகால் இல்லை என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பாலிசியை எடுத்து வரி வரியாகப் படித்தேன். அந்த விலக்கு விதியில், தொழில்முறையாக ஈடுபட்டால்தான் பொருந்தும் என்று தெளிவாக இருக்கிறது. என்னைப் பார்த்து யாராவது தொழில்முறை வீராங்கனை என்று சொன்னால் எனக்குப் பெருமைதான், ஆனால் எனக்கு இதில் ஒரு பைசா வருமானம் கிடையாது. எழுத்துமூலமாக அவர்களிடமே புகார் கொடுத்தேன், அது தேறவில்லை. பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனேன். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். பணம் வந்தது, வட்டி இல்லாமல், இழுத்தடித்து. உங்கள் குடும்ப பாலிசியில் மகன் பெயர் இருந்தால் அந்த வரியை இன்றே ஒருமுறை படித்து வையுங்கள். மருத்துவச் சீட்டில் உண்மையை மறைக்கச் சொல்லவில்லை, அது இருந்ததால்தான் நான் பிழைத்தேன்.

கடைசியாகக் காது. எண்ணெய் விடாதீர்கள், பட்ஸும் வேண்டாம். தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, வெளியே துண்டால் ஒற்றினால் போதும். காது மடலை இழுத்தால் வலிக்கிறது, நீர் வடிகிறது என்றால் இ.என்.டி. டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சரி என்று சொல்லும் வரை மகன் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம்.