கொண்டை கறுத்தால் வெட்டாதீர்கள்: மலையகக் கோழிக்காரர்களின் கேள்வி பதில்

கந்தப்பளையிலிருந்து: அண்ணே, விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. சேவலின் கொண்டை நுனி முதலில் வெளிறியது, இப்போது கறுத்துவிட்டது. வெட்டிவிடவா?

வேண்டாம் தம்பி. கறுத்தது குளிரில் உறைந்து செத்த தசைதான், ஆனால் அடியில் ஆறும் இடத்தை அதுதான் மூடிக் காக்கிறது. சில வாரங்களில் காய்ந்து தானாக விழும். வெட்டினால் இரத்தம் வரும், மற்றக் கோழிகள் அதைக் கொத்தியே கெடுத்துவிடும். தேய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சீழோ நாற்றமோ வந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அந்தச் சேவலை நம்பி இப்போது அடை வைக்காதீர்கள். கொண்டை உறைந்த சேவலுக்குக் கருக்கட்டும் திறன் குறையலாம், அதனால் கொஞ்ச காலம் கூமுட்டை கூடலாம்.

அதே வீட்டிலிருந்து: பெட்டைக்கு விரலும் வெளிறி விறைத்திருக்கிறது.

அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில், 37 முதல் 40 பாகை வரை, தண்ணீரில் 20 நிமிடமாவது காலை வைத்திருங்கள். பிறகு ஈரம் துடைத்து வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். இளகிய கால் திரும்ப உறைந்தால் சேதம் இரட்டிப்பு.

நானுஓயாவிலிருந்து: கூட்டைச் சுற்றிப் படங்கு கட்டி ஒரு ஓட்டை இல்லாமல் அடைத்தேன். அப்படியும் இந்தக் கொண்டைக் கறுப்பு ஏன் வந்தது?

அடைத்ததால்தான் வந்தது, தங்கச்சி. எச்சத்திலிருந்தும் மூச்சிலிருந்தும் வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொண்டையில் படிகிறது. ஈரமான கொண்டைதான் சீக்கிரம் உறையும். காலையில் கூரைத் தகரத்தின் உட்புறம் தண்ணீர் துளித்திருக்கிறதா, உள்ளே மூக்கெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் கூரைக்கு அடியில், கோழி உட்காரும் உயரத்துக்கு மேலே, காற்றுப் போக இடைவெளி விடுங்கள். கீழே மட்டும் காற்றை மறையுங்கள். நனைந்த மரத்தூளை அள்ளிப் புதிது போடுங்கள். உட்காரும் கட்டை தட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் கோழி விரல்மேல் படுத்து இறகால் மூடிக்கொள்ளும். குளிரைவிட ஈரத்துக்கே நான் பயப்படுவேன்.

தலவாக்கலையிலிருந்து: இரவில் கரிச்சட்டி வைக்கலாமா?

கூடவே கூடாது. அந்தப் புகையில் கோழி மூச்சடைத்துச் சாகும், கூடும் தீப்பிடிக்கும்.

ராகலையிலிருந்து: பனியே இல்லை, ஆனால் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கறுப்புப் பொருக்கு.

கண்ணோரம் வரை பரு மாதிரிப் பொருக்கு என்றால் அம்மையாக இருக்கும். அதை நுளம்பு பரப்பும். நோய்ப்பட்டதைப் பிரித்து வையுங்கள், நல்ல கோழிகளுக்குத் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். தண்ணீர் தேங்கிய டயர், சிரட்டைகளைக் கவிழ்த்து விடுங்கள்.